பாலோ போட்ட பெரிசுகள்

*உலகக் கோப்பைத் தங்கமும் ஒரு கோடி ரூபாய்ப் பரிசும் கேரமை மறுபடி ஊர்ப் பேச்சாக்கியிருக்கின்றன. பேச ஆளில்லாத காலத்திலும் போர்டைத் துடைத்துப் பவுடர் போட்டவர்களைப் பற்றி, பட்டாசு மண்ணிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.*

ஞாயிற்றுக்கிழமை, பயர் ஆபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, லீவு. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே கரிசல் காட்டில் கிடக்கும் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் வெயில் தாழ்ந்த பிறகும் தரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் படிப்பகத்துத் திண்ணைக்குப் போர்டு வரும். நாலு மூலைக்கும் நாலு பெரிசுகள். ஒருவர் பழைய வேட்டித் துணியால் பலகையைத் துடைக்கிறார். இன்னொருவர் மருந்துக்கடைப் போரிக் பவுடரை இரண்டு விரலால் கிள்ளித் தூவுகிறார். அலுமினியப் பவுடரோடு வாழ்ந்த விரல்கள் அவை. நகக்கண்ணில் வெள்ளிச் சாம்பல் நிறம் எந்த சோப்புக்கும் போகாமல் ஒட்டியிருக்கும். அதன்மேல் இப்போது வெள்ளைப் பவுடர்.

ஸ்ட்ரைக்கர் கிளம்புகிறது. டக். கறுப்பு விழவில்லை, மூலையில் முட்டி நிற்கிறது. "ஏம்ப்பா, அத அங்க நிறுத்துனா அவன் சும்மா விடுவானா?" என்று ஜோடிக்காரருக்குக் கோபம்.

அதே சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு பையன்கள் செல்போனில் குனிந்திருக்கிறார்கள். அவர்கள் ஆடுவதும் கேரம்தான். 'கேரம் பூல்' என்று பெயர். அதிலிருந்தும் டக் டக் என்று சத்தம் வருகிறது. கோணம் பார்க்கக் கோடு போட்டுக் காட்டும் வசதி அதில் உண்டு. திண்ணையில் இருப்பவர்களுக்கு அந்தக் கோடு கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கடந்த ஓராண்டாக இந்தத் திண்ணைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி: "கேரமுக்கு ஒரு கோடியா?"

ஒரு கோடிக்கு முன்னால்

ஆமாம், ஒரு கோடிதான். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னை புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. ஆட்டோ ஓட்டும் தந்தையிடம் ஆடப் பழகியவர். தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தது. அதே அணியில் ஆடிய மித்ராவுக்கும் நாகஜோதிக்கும் தலா 50 லட்சம். அடுத்த ஆண்டு, 2025 டிசம்பரில், மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமேட்டுக் கீர்த்தனா மூன்று தங்கத்தோடு திரும்பினார். இரண்டு ஆண்டு, இரண்டு பெண்கள், இருவருமே வடசென்னை.

தொலைக்காட்சிகள் இதை வானத்திலிருந்து விழுந்த அதிசயம் போலக் காட்டின. கேரம் தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. இந்த ஆட்டத்தின் முதல் உலக சாம்பியனே சென்னைக்காரர். 1991இல் டெல்லியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் மரிய இருதயம் வென்றார். 1995இல் கொழும்பில் மறுபடியும் வென்றார். 9 முறை தேசிய சாம்பியன். 1996இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கேரமுக்காக அந்த விருதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அதற்கும் முன்னால், 1988இல், சர்வதேச கேரம் கூட்டமைப்பு உருவானதே சென்னையில்தான். அதன் பின்னணியில் ஓடி ஓடி உழைத்த பங்காரு பாபுவைக் கேரம் உலகம் தந்தை என்றே சொல்கிறது. வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு விதமாக ஆடிக்கொண்டிருந்த ஒரு வீட்டு விளையாட்டுக்கு ஒரே அளவு, ஒரே சட்டம் என்று கொண்டுவந்த வேலை அது. அந்த வேலைக்கு யாரும் கைதட்டுவதில்லை. ஆனால் அது நடக்காமல் உலகக் கோப்பை இல்லை.

2008இல் பிரான்சின் கான் நகரில் மகளிர் உலகப் பட்டம் வென்ற இளவழகியும் வியாசர்பாடிக்காரர்தான். தந்தை மீன்பாடி வண்டி ஓட்டியவர். அன்றைக்கும் செய்தி வந்தது, புகைப்படம் வந்தது. ஒரு கோடி வரவில்லை. இந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியில் கேரம் என்ன ஆனது, யார் கையில் இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். சாம்பியன்களை எல்லோருக்கும் தெரியும். சாம்பியன் ஆகாமலே நாற்பது வருடம் ஆடிக்கொண்டிருந்தவர்களை யாருக்குத் தெரியும்?

> பெட்டி: போர்டுக்கு உள்ளே
>
> ஆடும் பரப்பு: 73.5 முதல் 74 செ.மீ. வரை, சதுரம்.
> காய்கள்: வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. ஒரு காயின் எடை 5 முதல் 5.5 கிராம்.
> ஸ்ட்ரைக்கர்: 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது.
> பாக்கெட்டின் விட்டம்: 4.45 செ.மீ. காயின் விட்டம் 3 செ.மீ.க்குச் சற்று அதிகம். ஒன்றரைக் காய்கூட நுழையாத வாய் அது.
> ஒரு கேம்: 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முந்துகிறதோ அது. மூன்றில் இரண்டு கேம் எடுத்தவர் வெற்றி.
> சிவப்புக்கு 3 புள்ளி. ஆட்டக்காரர் 22 புள்ளியைத் தொட்டுவிட்டால் அதுவும் கிடையாது.

பட்டாசு ஊரில் ஏன் கேரம்?

ஏழாயிரம்பண்ணை என்ற பெயர் வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகமாவது பெரும்பாலும் விபத்துச் செய்தியில்தான். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்த வட்டாரத்தில் நடந்தவற்றை வரிசையாக எழுத இந்த இதழ் போதாது. இந்த ஊர்களில் மனிதர்கள் சாயங்காலத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று எழுத யாரும் வருவதில்லை.

இன்று அறுபதைத் தாண்டியவர்களின் சிறுவயதை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்பே ஊருக்குள் பஸ் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்குவாளியோடு ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்கும் பயர் ஆபீசுக்கும் போகும். இருட்டில் போய் இருட்டில் திரும்பிய தலைமுறை அது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். அதற்குள் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து மீசை முளைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் விளையாட்டு பீரியட் என்பதையே பார்க்காதவர்களுக்குக் கால்பந்து ஏது, தடகளம் ஏது? இருட்டிய பிறகு ஒரு விளக்கின் கீழ் உட்கார்ந்தபடி ஆட முடிகிற ஆட்டம் ஒன்றுதான் அவர்கள் கைக்கு எட்டியது. நாள் முழுக்க நின்றும் குந்தியும் வேலை பார்த்த உடம்புக்கு அதுவே தோதாகவும் இருந்தது.

போர்டு எங்கிருந்து வந்தது? எம்.ஜி.ஆர். மன்றம், சிவாஜி மன்றம், கட்சிப் படிப்பகம், உறவின்முறை மண்டபம் என்று நாலு வழி. மன்றம் திறந்தால் மூன்று பொருள் வேண்டும் என்பது அன்றைய எழுதாத சட்டம்: தலைவர் படம், தினசரிப் பேப்பர், கேரம் போர்டு. மன்றத்தில் மெம்பர் ஆகச் சந்தா கட்டியவர்களில் பாதிப்பேர் கட்டியது தலைவருக்காகவா போர்டுக்காகவா என்று கேட்டால் இன்றைக்கும் சிரித்து மழுப்புவார்கள்.

இங்கே வேலைக்கு ஒரு சுழற்சி உண்டு, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். மழை பெய்தால் காயவைக்க முடியாது, வேலை இல்லை. மானாவாரி நிலம், அதிலும் ஆண்டு முழுக்க வேலை கிடையாது. ஆக, கையில் காசும் இல்லாமல் செய்ய வேலையும் இல்லாமல் நாட்கள் கொத்துக் கொத்தாக வரும். 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. சரவெடிக்குத் தடை, பேரியம் கலந்த மருந்துக்குத் தடை. அந்த டிசம்பர் கடைசியில் ஆலைகள் கதவடைத்து, அடுத்த ஆண்டு மார்ச் வரை திறக்கவில்லை. பிறகு கொரோனா.

அந்த மாதங்களில் ஒரு ஊரில் ஆண்கள் என்ன செய்வார்கள்? சாராயக் கடை ஒரு வழி. சீட்டு ஒரு வழி. இரண்டுக்கும் காசு வேண்டும், இரண்டும் வீட்டில் சண்டையில் முடியும். போர்டுக்கு வேண்டியது ஒரு டப்பா பவுடர். பந்தயம் கட்டினாலும் நாலு டீக்கு மேல் போகாது. இந்தக் கணக்கைப் பெரிசுகள் யாரும் சமூக சேவை என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஒரு படிப்பகத்தில் தினமும் சாயங்காலம் நாலு பேர் உட்காருகிறார்கள் என்றால், அவர்களைச் சுற்றி வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் நிற்பார்கள். அந்தப் பத்துப் பேரும் அந்த நேரத்தில் வேறெங்கும் இல்லை.

போர்டு தானாக உயிரோடு இருக்கும் பொருள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பலகை வளையும். வலை கிழியும். காயின் விளிம்பு சிதையும். வலை பின்னிக் கட்டவும், வளைந்த பலகையைக் குப்புறப் போட்டுப் பாரம் ஏற்றி நிமிர்த்தவும், விரிசலுக்குப் பசை அடைத்துத் தேய்க்கவும் ஒரு ஆள் வேண்டும். மன்றம் கலைந்த பின்னும், தலைவர் மறைந்த பின்னும், கட்டடத்துக்கு வேறு பெயர்ப்பலகை ஏறிய பின்னும் போர்டு மட்டும் மிஞ்சிய ஊர்களில், அப்படி ஒரு ஆள் இருந்தார் என்று அர்த்தம்.

ஊர்ச் சட்டம், உலகச் சட்டம்

ஊரில் ஆடுவது பெரும்பாலும் பாயின்ட் கேம். வெள்ளைக்கு இவ்வளவு, கறுப்புக்கு அதில் பாதி, சிவப்புக்கு உச்சம். ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் மைனஸ். ரெட்டை எடுத்தால் அடுத்தே ஒரு காயைப் போட்டு பாலோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்குப் போகும். இந்த 'ரெட் அண்ட் பாலோ' ஒன்றுதான் ஊர்ச் சட்டத்துக்கும் உலகச் சட்டத்துக்கும் பொதுவான புனித விதி.

மற்றதெல்லாம் வேறு. ஊரில் ஜாம்பவானாக இருந்தவர் பங்குனிப் பொங்கலுக்கோ தைப்பொங்கலுக்கோ டவுனில் நடக்கும் போட்டிக்குப் போவார். சிவகாசி ஆப்செட்டில் நாலு வர்ணத்தில் அடித்த போஸ்டரில் 'மாபெரும் கேரம் போட்டி' என்று போட்டிருக்கும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, உபயதாரர் பெயர் எல்லாம் இருக்கும். உலகச் சட்டப்படி நடத்துகிறோம் என்பது மட்டும் பொடி எழுத்தில் இருக்கும், இவர் படித்திருக்க மாட்டார்.

போய் உட்கார்ந்ததும் முதல் அடி விழும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. நாற்காலியை நகர்த்தவும் கூடாது. திண்ணையில் இடுப்புக்கு மேல் பாதி உடம்பைப் போர்டின்மேல் சாய்த்து, ஒரு காலைப் பின்னால் தூக்கி, கழுத்தை மூலைக்குக் கொண்டுபோய்க் குறி பார்த்த மனிதருக்கு இது கையைக் கட்டிப்போட்ட மாதிரி. அடுத்தது, ஒவ்வொரு அடிக்கும் 15 விநாடி. ஊரில் ஒரு பீடி பாதி கரையும் வரை யோசிக்கலாம். அப்புறம் நிறக் கணக்கு: வெள்ளை எடுத்தால் வெள்ளை மட்டும்தான். கண்ணுக்கு எளிதாகக் கறுப்பு பாக்கெட் வாசலில் நின்றாலும் போடக் கூடாது. பாயின்ட் கேமில் எதிரே கிடப்பது எல்லாமே நம் காய் என்று பழகியவருக்கு, பாதிப் போர்டு திடீரென்று அடுத்தவன் சொத்தாகிவிடுகிறது.

பலர் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். சிலர் தோற்ற இடத்திலேயே நின்று சட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். என் கணிப்பில், கிராமப்புறத்தில் கேரம் பிழைத்ததற்கு இந்த இரண்டாம் ரகத்தினர்தான் காரணம். ஊருக்குத் திரும்பிப் பையன்களைக் கூப்பிட்டு, "இனிமே எந்திரிச்சு ஆடுனா ஆட்டம் போச்சு" என்று சொன்னவர்கள் அவர்கள். பாயின்ட் கேமையே கட்டிக்கொண்டு அழுதவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் ஆட்டத்தின் ருசியைக் காப்பாற்றினார்கள். ஆனால் அடுத்த தலைமுறைப் பையன் ஒருவன் மாவட்ட அளவில் ஆடவேண்டும் என்றால் ருசி போதாது.

ஊர் ஆட்டக்காரர்களிடம் உலகமும் கற்றுக்கொள்ள இடம் இருந்தது. கட்டைவிரல் ஷாட் அதில் ஒன்று. பார்க்க முரட்டுத்தனமாகத் தெரியும் இந்த அடி சர்வதேசச் சட்டத்தில் செல்லும். பின்பக்கம் கிடக்கும் காயைத் திரும்பி எடுக்க அதைவிட வசதியான ஆயுதம் இல்லை. புத்தகம் பார்த்து ஆடுகிறவர்கள் கத்தரி விரல் போட்டுத் திணறும் இடத்தில் திண்ணைக்காரர் கட்டைவிரலால் சத்தமில்லாமல் முடித்துவிடுவார்.

> பெட்டி: ஊட்டியில் எழுதிய சட்டம்
>
> குச்சியால் தள்ளி மேஜை ஓட்டைக்குள் பந்து போடும் ஆட்டங்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் நடுவே பிறந்தது. நெவில் சேம்பர்லின் என்ற அதிகாரியின் யோசனை. அதன் விதிகள் ஊட்டி கிளப்பில்தான் 1880களில் முறையாக எழுதித் தொங்கவிடப்பட்டன. சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்ததும் இந்தக் குடும்பத்து ஆட்டம்தான்: 1958இல் பில்லியர்ட்ஸில் வில்சன் ஜோன்ஸ். 2025 நவம்பரில் தோஹாவில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் மகளிர் ஸ்னூக்கர் உலகப் பட்டம் வென்றார். பூல், ஸ்னூக்கர் மேஜை வாங்க லட்சக்கணக்கில் வேண்டும், கிளப் வேண்டும். கேரமுக்குத் திண்ணை போதும் என்பதால்தான் அது கரிசல் காடுவரை வந்தது.

திண்ணைக்கு வராத விரல்கள்

பெரிசுகளைப் பாராட்ட வந்த கட்டுரைதான் இது. ஆனாலும் ஒரு கேள்வியை முழுங்கிவிட்டுப் பாராட்ட முடியாது. அந்த நாலு மூலையிலும் ஏன் எப்போதும் ஆண்கள்?

இந்த வட்டாரத்தில் விரல் வேலையில் கைதேர்ந்தவர்கள் யார் என்று கேட்டால் ஒரே பதில்தான். தீப்பெட்டிக் கட்டை அடுக்குவது பெண்கள். பெட்டி ஒட்டுவது பெண்கள். தடைக்கு முன்பு சரவெடி பின்னியது, காகிதக் குழாய் சுருட்டுவது, திரி கோப்பது, எல்லாவற்றிலும் பெண்களே அதிகம். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அந்த விரல்கள் யோசிக்காமலே அளவெடுக்கும். எவ்வளவு அழுத்தினால் குழாய் நசுங்கும், எவ்வளவு விட்டால் தளரும் என்பது தோலுக்கே தெரியும். கேரமுக்கு வேண்டியது இதே சங்கதிதான்: 15 கிராம் வில்லையை எவ்வளவு மெதுவாகச் சுண்டினால் 5 கிராம் காய் பாக்கெட்டில் போய் விழுந்து, ஸ்ட்ரைக்கர் மட்டும் வாசலில் நிற்கும் என்ற கணக்கு.

அந்த விரல்களுக்கு யாரும் ஸ்ட்ரைக்கரைக் கொடுக்கவில்லை. மன்றமும் படிப்பகமும் ஆண்களின் இடம். போர்டு அங்கே இருந்தது. வேலை இல்லாத மாதம் ஆணுக்கு ஓய்வு, பெண்ணுக்கு வீட்டு வேலை. பள்ளி லீவில் வீட்டுக்குள் சின்ன போர்டில் அண்ணன் தம்பியோடு ஆடிய பெண் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வயதுக்கு வந்ததும் அது நின்றுபோனது. அப்பாக்கள் நாற்பது வருடம் ஆடினார்கள், மகள்கள் திண்ணையில் ஒருநாள்கூட ஆடவில்லை.

வடசென்னையில் எங்கோ ஒரு இடத்தில் இந்த வழக்கம் உடைந்தது. பேட்டை போர்டுகளும் பயிற்சி மையங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தந்தையரும் அண்ணன்மாரும் பெண் பிள்ளைகளைக் கையோடு கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். இளவழகி, காசிமா, கீர்த்தனா மூவரும் கூலி வேலை பார்க்கும் மனிதர்கள் நிறைந்த தெருக்களிலிருந்து வந்தவர்கள். வெற்றிமாறனின் 'வடசென்னை' 2018இல் வந்தபோது தனுஷ் நடித்த அன்பு என்ற கேரம் ஆட்டக்காரனை நாடு முழுக்கப் பார்த்தது. படத்தில் போர்டைச் சுற்றி ஆண்களும் ரவுடிகளும். நிஜ வடசென்னையில் அதே காலத்தில் உலகத் தங்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது ஒரு சிறுமி. சினிமா ஒரு தலைமுறை பின்தங்கியிருந்தது என்றே சொல்லலாம்.

அந்தச் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் பெரிசுகள்தான் என்பதை மறக்கக் கூடாது. சென்னைப் பெரிசுகள் செய்ததை இந்த வட்டாரப் பெரிசுகள் செய்ய ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மகளுக்குக் கற்றுத்தரத் தவறியவருக்குப் பேத்தி இருக்கிறாள்.

> பெட்டி: வைப்பாற்றங்கரை ஆட்டக்காய்
>
> ஏழாயிரம்பண்ணை இருக்கும் தாலுகா வெம்பக்கோட்டை. அங்கே வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மைகளோடு சுடுமண்ணில் செய்த ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. என்ன ஆட்டம், என்ன சட்டம் என்று யாருக்கும் தெரியாது. வட்டமான காயை வைத்துக்கொண்டு சாயங்காலம் உட்கார்ந்த மனிதர்கள் இங்கே புதிதல்ல.

செல்போன் கொன்றதா, காப்பாற்றியதா?

போன் வந்து போர்டைக் கொன்றுவிட்டது என்று சொல்வது சுலபம். பாதி உண்மை. திண்ணையில் சுற்றி நின்ற பத்துப் பேர் இன்று இரண்டு பேர். மன்றங்களில் பூட்டுத் தொங்குகிறது. ஆனால் அந்த இரண்டு பையன்கள் போனில் ஆடுவது கேரம்தானே? இந்த ஆட்டத்தின் பெயரையே கேள்விப்படாத நாடுகளில்கூட இப்போது யாரோ போனில் ரெட்டும் பாலோவும் போடுகிறார்கள். கூட்டமைப்பு முப்பது வருடத்தில் செய்யாததைச் செயலி சில வருடத்தில் செய்தது.

கொடுத்தது பாதி, எடுத்தது பாதி. போன் பலகையில் ஈரம் கிடையாது, தூசி கிடையாது, பவுடர் கூடக் குறைய இல்லை. எல்லா அடியும் ஒரே மாதிரி வழுக்கும். நிஜப் போர்டில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு குணம். தெற்கு மூலைப் பாக்கெட் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், காய் தானாக உருளும், அதை நம்பி அடிக்கலாம். ரிபவுண்ட் வடக்குச் சட்டத்தில் செத்துப்போகும், அங்கே அடிக்காதே. இதெல்லாம் அந்த ஒரு போர்டோடு இருபது வருடம் குடும்பம் நடத்தினால் வரும் அறிவு. போன் ஆட்டக்காரனை நிஜப் போர்டில் உட்காரவைத்தால் கோணம் பிடித்துவிடுகிறான், விசை தெரியாமல் தவிக்கிறான். பெரிசுகளுக்கும் பையன்களுக்கும் நடுவே பேச இப்போது மிச்சமிருக்கும் இடம் இதுதான். கோணம் அவனுக்குத் தெரியும், விசையைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

காசு கட்டி ஆடும் செயலிகளிலும் கேரம் நுழைந்திருந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. டீப் பந்தயக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம், அவர்கள் ஆன்லைனில் இல்லை.

பாராட்டு என்றால் என்ன கொடுப்பது?

சால்வை போடலாம். பொங்கல் விழா மேடையில் 'மூத்த கேரம் வீரர்' என்று கூப்பிட்டு ஒரு ஷீல்டு கொடுக்கலாம். அவர்களும் வாங்கி டி.வி. மேல் வைப்பார்கள். அதற்கு மேல்?

நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் கொடுக்கிறது. 58 வயது நிரம்பியிருக்க வேண்டும். தேசிய அளவில் இடம் பிடித்ததற்கோ, நாட்டுக்காக ஆடியதற்கோ சான்று வேண்டும். நியாயமான விதிதான். இந்த விதிக்குள் கேரம் சாம்பியன்கள் சிலர் வருவார்கள். முப்பது வருடம் போர்டைப் பழுது பார்த்தவர் வரமாட்டார், அவரிடம் இருக்கும் ஒரே சான்று வளையாத பலகை. கலைகளுக்கு நலிந்த கலைஞர் திட்டத்தில் கிராமத்துத் தவில்காரருக்கு இடம் இருக்கிறது. விளையாட்டில் அப்படி ஒரு வாசலைத் திறப்பதில் என்ன சிக்கல் என்று புரியவில்லை.

அடுத்தது, வேலை. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமுக்கு இடம் உண்டு. ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி., பெட்ரோலிய நிறுவனங்கள் எல்லாம் தேசியப் போட்டியில் தனி அணியாக இறங்கிய ஆட்டம் இது. கேரம் ஆடியே வங்கி வேலைக்குப் போன தலைமுறை ஒன்று நகரங்களில் இருந்தது. பட்டாசு வட்டாரத்துப் பையனுக்கு இந்த விஷயம் சென்று சேரவே இல்லை. 'விளையாட்டு கோட்டா' என்றால் கபடி, வாலிபால் என்றுதான் இங்கே நினைக்கிறார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் கேரம் இடம்பெறத் தொடங்கிவிட்ட நிலையில், பள்ளிகளில் இதைச் சொல்லித்தர உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மட்டும் போதாது. ஊரில் சும்மா இருக்கும் பெரிசு ஒருவரைச் சனிக்கிழமை கூப்பிட்டு உட்காரவைத்தால் பள்ளிக்குச் செலவு ஒரு டப்பா பவுடரும் ஒரு கிளாஸ் டீயும்.

நடுவர் வேலை இன்னொரு வழி. கேரம் நடுவர்களுக்கென்று தேர்வு நடக்கிறது. சட்டம் படித்துத் தேறினால் போட்டிகளுக்கு நடுவராகப் போகலாம். கண் கூர்மை குறைந்து ஆட முடியாதவர்களுக்கும் ஆட்டத்தோடு ஒட்டி இருக்க அது ஒரு வழி. என்னைக் கேட்டால் சால்வையைவிட இதுவே பெரிய மரியாதை. பையன் அடித்தது சரியா தப்பா என்று இவர் சொல்ல, அதை எல்லோரும் ஏற்க வேண்டும்.

ஆடவே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. தேசிய கேரம் போட்டிகளில் மூத்தோருக்குத் தனிப் பிரிவு உண்டு, ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. மாவட்டச் சங்கத்தில் பெயர் கொடுத்து, மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்துப் போக வேண்டும். ஏழாயிரம்பண்ணை வட்டாரத் திண்ணைகளில் அதற்குத் தகுதியான விரல்கள் இன்னும் இருக்கின்றன. குறி பார்க்கும்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருக்க மட்டும் அவர்கள் பழக வேண்டும்.